சத்தம் போடாதவர்களின் வால்வு

அன்புள்ள அறிவு,

போன வியாழக்கிழமை சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். அம்மாவைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, ஐதராபாத் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடு, இங்கே அரியலூரில் ஏதாவது சிமென்ட் ஆலையில் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். உன் பக்கத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிப்பா. மாசக் கடைசில எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாய். அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டு, அம்மாவிடம் "வரானாம்" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக ஒரு டீ போட்டுக் குடித்தேன். அந்த நிம்மதிக்காக இப்போது வெட்கப்படுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ பாதியிலேயே "பரவால்லப்பா" என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது.

நீ வர வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் என்று சொல்லாவிட்டால், அப்பா ஏதோ கோபத்தில் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறி வந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். என்னையும் இப்போதுதான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன், இந்த ஐம்பத்தெட்டு வயதில்.

கேஸ் கம்பெனியில் அப்பாவுக்கு என்ன வேலை என்று நீ ஒரு தடவை கேட்டாய். "உக்காந்து ஸ்கிரீனப் பாக்கற வேலை" என்று சொல்லிச் சிரித்து முடித்துவிட்டேன். சிமென்ட் ஆலையில் இருபது வருடம் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவனுக்கு அப்படித்தான் சொல்ல வந்தது. உண்மையில் இந்த வேலை வேறு மாதிரி. பெரம்பலூருக்கு வெளியே ஒரு இடத்தில் பெரிய குழாயிலிருந்து நம் குழாய்க்கு கேஸ் இறங்குகிறது. அங்கிருந்து அரியலூர் வரைக்கும் வீட்டு அடுப்புகள், ஓட்டல்கள், கல்யாண மண்டபங்கள், வண்டிகளுக்கு கேஸ் நிரப்பும் பங்க்குகள், சின்னதும் பெரியதுமாக ஆலைகள். எங்களுக்கு ஒரு நாள் என்பது காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை ஆறு மணிக்கு முடியும். நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று இன்றைக்கு மதியத்துக்குள் பெரிய குழாய்க்காரர்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும். கூட எழுதினால், எடுக்காத கேஸ் குழாயில் சேர்ந்து அழுத்தம் ஏறும். குறைத்து எழுதினால் அழுத்தம் இறங்கும். இரண்டுக்கும் பேச்சு வாங்குவது அந்த நாற்காலியில் இருக்கிறவன்.

எவ்வளவு எழுதினாலும் உள்ளே வருவதும் வெளியே போவதும் எந்த மணி நேரத்திலும் சரியாக இருக்காது. காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் இட்லி வேகும், மதியம் அடங்கும், சாயங்காலம் மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை யார் தாங்குவது? குழாயே தாங்கும். அழுத்தமாக அடைத்து வைத்த கேஸ் குழாய்க்குள் எப்போதும் கொஞ்சம் கிடக்கும், ஆபீசில் அதற்கு லைன்பேக் என்று பெயர். கூடுதலாக இழுக்கும்போது அதிலிருந்து போகும், தேவை குறையும்போது மறுபடி சேர்ந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது. அது பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஒரு அளவுக்குக் கீழே இறங்கும் வரைக்கும்.

அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் யாரையாவது நிறுத்த வேண்டும். வீடுகளைக் கடைசிவரை தொடக்கூடாது. வீட்டு அடுப்பு தானாக அணைந்து, குமிழைத் திருகியபடியே விட்டுவிட்டுப் பெண்கள் வேலையைப் பார்க்கப் போயிருக்க, திரும்ப கேஸ் வந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அதனால் முதலில் ஆலைகள். தேவைப்பட்டால் நிறுத்திக்கொள்கிறோம் என்று சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட ஆலைகளின் பட்டியல் ஒன்று என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. போன் செய்து சொன்னால் அவர்களே வால்வை மூடிக்கொள்வார்கள். ஒரு தடவை ஒருவர், அடுத்த தடவை அடுத்தவர் என்று முறை வைத்து நிறுத்த வேண்டும். இதுதான் விதி. இந்த விதியைத்தான் நான் மூன்று வருடம் மீறினேன்.

பட்டியலில் பஷீர் பாய் என்று ஒருவர் இருந்தார். குன்னம் போகிற வழியில் ரஸ்க் கம்பெனி வைத்திருந்தார். உனக்குக்கூட நான் இரண்டு பாக்கெட் கொடுத்தனுப்பியிருக்கிறேன், ஏலக்காய் வாசனை வரும் என்று சொன்னாயே, அது அவர் போட்டது. அதே பட்டியலில் ஒரு பெரிய டைல்ஸ் கம்பெனியும் உண்டு. அதன் மேனேஜருக்கு போன் செய்தால் காதில் ரத்தம் வரும். மேலதிகாரி பெயரைச் சொல்வான், எழுத்தில் கொடு என்பான், உன் பேர் என்ன என்று கேட்பான். பஷீர் பாய்க்கு போன் செய்தால், "சரிங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க, அல்லா பாத்துக்குவான்" என்பார். முதல் தடவை அவர் முறை. இரண்டாவது தடவை டைல்ஸ்காரன் முறை. போனை எடுத்தேன், நம்பரைப் பார்த்தேன், வைத்துவிட்டு பாய்க்குப் போட்டேன். மூன்றாவது தடவை யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போனது.

என் ஷிஃப்டில் மேனகா என்று ஒரு பெண். வேப்பந்தட்டையிலிருந்து டூவீலரில் வந்து போகிறாள், உன்னைவிட மூன்று வயது சின்னவளாக இருப்பாள். ஒருநாள் நான் போனை எடுத்ததுமே, "திரும்பவும் பாயா சார்? இன்னிக்கு டைல்ஸ் கம்பெனி மொறைதானே?" என்றாள்.

"அந்த மேனேஜரு கத்துவான்ம்மா. பாய் நல்ல மனுஷன், புரிஞ்சுக்குவாரு" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் ஸ்கிரீனுக்குத் திரும்பிக்கொண்டாள். முறை வைத்து நிறுத்தப்பட்டது என்று பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். ஒவ்வொரு தடவையும் போட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு தை மாதம் பக்கவாதம் வந்தது. மாசியில், வலது பக்கம் அசைவில்லாமல் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்த சமயம். கன்ட்ரோல் ரூமில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும், நாளைய தேவையை எழுதும் முன் இன்றைய தாளைத் தூக்கி நாளைய தாளைப் பார்ப்பது எங்கள் பழக்கம். முகூர்த்த நாளா, அமாவாசையா, ஆடி பிறந்துவிட்டதா என்று பார்த்துத்தான் கூட்டிக் குறைப்போம். முகூர்த்தம் என்றால் மண்டபத்து அடுப்புகள் காலையிலிருந்து எரியும், கல்யாண வேன்கள் பங்க்கில் வரிசை கட்டி நிற்கும். அந்தச் சனிக்கிழமை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா கிளம்ப வேண்டும் என்று போன் செய்ததும் நான் தாளைத் தூக்கவில்லை. சாதாரண ஞாயிற்றுக்கிழமை என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். மறுநாள் பெரிய முகூர்த்தம். மதியத்துக்குள் குழாயின் இருப்பு கரைந்துவிட்டது. கூடுதல் கேட்டதற்கு, எல்லா ஊரிலும் இன்றைக்கு இதே கதைதான் என்று பெரிய குழாய்க்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, வீடுகளில் அடுப்பு பற்றவைக்கப் போகிற நேரத்தில், நான் பஷீர் பாய்க்கு போன் செய்தேன்.

நோன்பு மாதம். பெருநாளுக்கான ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ரஸ்க்கை இரண்டு தடவை சுட வேண்டும், இரண்டாவது சூட்டில் நிதானமாகக் காய வேண்டும், நடுவில் நின்றுபோனால் தோல் மாதிரி இழுக்கும் என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டார். "சார், ரெண்டாவது சூட்டுல நிக்குது சார். ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா எடுத்துடுவேன்."

"முடியாது பாய், நெலம அப்படி இருக்கு" என்றேன்.

"சரிங்க சார்" என்றார்.

அந்த நிலைமையை உண்டாக்கியவன் நான் என்று அவருக்குத் தெரியாது. அன்றைய சரக்கு முழுவதும் மாட்டுக்குப் போனது. பெருநாளுக்கு ஆர்டர் கொடுத்த கடைகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. பெருநாள் முடிந்த கையோடு கம்பெனியைப் பூட்டிவிட்டார். அங்கே வேலை பார்த்த பெண்கள் வந்து வெளியில் நின்றார்கள் என்று மேனகாதான் சொன்னாள், அவள் அந்த வழியாக வருகிறவள். எங்கள் பட்டியலில் அவர் பெயர் மேல் ஒரு கோடு போட்டோம். வேலை அதன்பாட்டுக்கு நடந்தது.

நான் உனக்கு போன் செய்த மறுநாள், வெள்ளிக்கிழமை, பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டில் பஷீர் பாய். இப்போது திருச்சியில் யாருடைய பேக்கரியிலோ சம்பளத்துக்கு இருக்கிறாராம். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன், பஸ்ஸில் வேறு இடம் இல்லை. அவர் அம்மாவைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். பிறகு, "ஒன்னு கேக்கலாங்களா சார்? தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார்.

"கேளுங்க பாய்."

"நானும் அந்த டைல்ஸ் மேனேஜரு மாதிரி கத்தியிருந்தா, என்னைய இத்தன தடவ மூடச் சொல்லியிருப்பீங்களா?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அறிவு. சின்ன ஊர், ஆலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மாட்டார்களா? முறை எத்தனை தடவை தன்னை மட்டும் சுற்றி வந்தது என்று தெரிந்தேதான் அந்த மனுஷர் "சரிங்க சார்" என்று சொல்லியிருக்கிறார். கண்டக்டர் விசில் கொடுத்தார், பாய் இறங்க வேண்டிய இடம். "வூட்டுல அம்மாவ பாத்துக்குங்க சார், நான் துவா செய்யறேன்" என்று என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சென்னையிலிருந்து உன் அக்கா போன். நீ வேலையை விடுகிறாய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஏம்ப்பா, எப்பவும் அவன்தானா? நெவேதா வேலைய விட்டுட்டு அரியலூர் வர முடியாதுன்னுட்டா. அவங்க வூட்டுல கல்யாணத்த நிறுத்திடலாம்னு பேசிக்கறாங்க. அவன் ஒங்ககிட்ட சொன்னானா? சொல்ல மாட்டான்ப்பா அவன்!" என்று தேன்மொழி கத்தினாள். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாணத் தேதி குறித்த பிள்ளை, அந்தக் கல்யாணம் நின்றுபோகும் என்று தெரிந்தும், என்னிடம் "சரிப்பா" என்று சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. தவறு, நான் முதலில் உன் நம்பரைத் தேடியதில் இருக்கிறது. தேன்மொழியிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கத்துவாள். அறிவு நல்ல பிள்ளை, புரிந்துகொள்வான்.

அன்றைக்கு உட்கார்ந்து பழையதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். உன் இடது கண்ணில் வந்து நின்றது. நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது, போர்டு தெரியவில்லை என்று சொன்னாய். அந்த வருடம் அக்காவுக்குப் பல்லில் கம்பி போட்டிருந்தது. திருச்சிக்குக் கூட்டிப் போகாவிட்டால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தரையில் உருண்டு அழுவாள். எனக்குக் கிடைத்ததோ மாதத்தில் ஒரு அரை நாள். கண் ஆஸ்பத்திரி என்றால் மருந்து ஊற்றி நாள் முழுக்க உட்கார வைத்துவிடுவார்கள். "அடுத்த வாரம் போலாம்டா" என்றேன். நீ தலையாட்டினாய். சில மாதம் கழித்து இன்னொரு தடவை சொன்னாய், அதற்கும் அதே பதில். மூன்றாவது தடவை நீ சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே இரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறாய். உன் டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் ரயிலேற்றித் திருச்சிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா உன் வலது கண்ணை மூடிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினார். நீ ஒன்றும் சொல்லாமல் நின்றாய். "ரெண்டு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா சரி பண்ணியிருக்கலாம் சார். இனிமே இந்தக் கண்ணு இவ்வளவுதான்" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் நீதான் எனக்குச் சமாதானம் சொன்னாய். "இன்னொரு கண்ணு நல்லா தெரியுதுப்பா" என்றாய். பத்து வயது உனக்கு. நான் அதைக் கேட்டு, எவ்வளவு பெரிய மனசு என் பிள்ளைக்கு என்று பெருமைப்பட்டேன். சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மன்னித்துக்கொள் என்று உன்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என்னை மன்னித்துக்கொள் தம்பி. இதற்கு நீ "பரவால்லப்பா" என்று சொல்லாதே, பரவாயில்லாத விஷயம் இல்லை இது.

நம் வீட்டில் எது குறைந்தாலும் உன்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறேன். நேரம் குறைந்தால் உன் நேரம், ஆள் குறைந்தால் நீ. எடுத்தது தெரியாத மாதிரி நீ நின்றதால், எடுக்கவே இல்லை என்று நம்பிக்கொண்டேன். அமைதியாகக் கொடுக்கிறவர்களிடம் நிறைய இருக்கிறது என்று நினைப்பது என் வேலையில் நான் கற்ற கெட்ட பழக்கமா, இல்லை இந்தக் கெட்ட புத்தி இருந்ததால்தான் அந்த வேலையை அப்படிச் செய்தேனா, தெரியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. இந்தத் திங்கட்கிழமை மறுபடி அழுத்தம் இறங்கியது. பாய் இல்லை. என் கண் பட்டியலில் என்ன தேடியது தெரியுமா? அடுத்த சாதுவைத் தேடியது. அப்பளக் கம்பெனி ஒன்று, விதவை ஒருத்தி நடத்துகிறாள், குரலே எழும்பாது. விரல் அந்த நம்பர் வரைக்கும் போய்விட்டது. பிறகு டைல்ஸ் மேனேஜருக்குப் போட்டேன். கத்தினான். மரியாதையில்லாமல் பேசினான், உன்னை வேலையை விட்டு எடுக்கிறேன் என்றான். மேனகா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "இன்னிக்கு உங்க மொறைங்க, மூடிக்குங்க" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பத்து நிமிடம் கத்தினான். பிறகு மூடிக்கொண்டான். அழுத்தம் மெதுவாக ஏறியது. அவ்வளவுதான் அறிவு. வெறும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பயந்துதான் ஒரு மனுஷனின் அடுப்பை மூன்று வருடம் அணைத்து அணைத்து, கடைசியில் அவரைக் கம்பெனியைப் பூட்ட வைத்தேன். அன்றைக்கே மேலதிகாரியிடம் போய், பதிவேட்டில் நான் போட்ட டிக்கெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டேன். விசாரணை வைப்பார்களாம். ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கிறது, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். பாய்க்கு அதனால் ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை.

இங்கே ஏற்பாடு இப்படி. திருமானூரிலிருந்து மல்லிகா என்று ஒரு அம்மா பகலில் வந்து பார்த்துக்கொள்கிறார். அக்கா மாதம் இரண்டு நாள் வருகிறேன் என்றாள், அரை மணி நேரம் கத்திவிட்டுத்தான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள். நான் காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டேன். இது போதாது. மல்லிகாவுக்கு பஸ் தவறுகிற நாளில் அம்மா தனியாகக் கிடப்பாள், தண்ணீர் கேட்டால் கொடுக்க ஆள் இருக்காது. போதும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். போதாத வீட்டில் குறையை நானும் கொஞ்சம் சுமந்து பார்க்கிறேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன், "அறிவு வரல, நான்தான் வராதேன்னு சொல்லப் போறேன்" என்று. அவளுக்கு இப்போது நாலைந்து வார்த்தைதான் வாயில் வருகிறது. ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்க அந்தக் கை வரவில்லை. நான் துடைத்துவிட்டேன். பிறகு கஷ்டப்பட்டு ஒன்று கேட்டாள். "கண்ணாடி... மாத்திட்டானா?" எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. நீ எப்போது கடைசியாகக் கண்ணைக் காட்டினாய்?

நெவேதா வீட்டில் போய்ப் பேசு. கல்யாணத்துக்கு நான் வருவேன், அம்மாவை வண்டியில் படுக்க வைத்தாவது கூட்டி வருவேன். வேலையை விடாதே.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் எழுதிவிட்டதால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மல்லிகா வராத ஒரு நாள் வரும், அம்மா விழுந்துவிடுகிற நாள் ஒன்று வரும். அக்கா நம்பரைப் பார்ப்பேன், கத்துவாளே என்று தோன்றும், உனக்குத்தான் போடுவேன். "அப்பா முடியலடா, வந்துடு" என்று அழுதாலும் அழுவேன். அன்றைக்கு இந்தக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். என்னைத் திட்டு. அந்த டைல்ஸ்காரன் மாதிரி பத்து நிமிடம் கத்து, நான் கேட்டுக்கொள்கிறேன். கத்த வராவிட்டால் பேசாமல் போனையாவது வைத்துவிடு. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்பா